சூடு

தொல்மின். ஞாயிறு காலை.
போகோமிர் கராஜ் கதவைத் தூக்கினான்.
வெள்ளிநிற ஹோண்டா,
எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டர்.
செயின் புதிது. பின்டயர் நடுவில் தட்டை:
வளைவுகளைவிட நெடுஞ்சாலையை அதிகம் தின்ற வண்டி.

"முதலில் எஞ்சினைத் தொடு. சூடாயிருந்தால்
பேசாமல் திரும்பிவிடு" என்றிருந்தாள் ஜெர்னெயா.
தொட்டேன்.
சூடு.

கையை எடுக்கவில்லை. அவன்
தன் பூட்ஸைப் பார்த்தான். ஈரச் சேறு.
"விடியலில் கணவாய் வரைக்கும்...
கடைசியாக ஒரு தடவை."

உண்மையாக இருக்கலாம்.
அந்த 'லாம்' ஒன்றுக்கு
முந்நூறு யூரோ குறைத்துக் கேட்டேன்.
மறுபேச்சில்லாமல் சாவியைத் தந்தான்.
அதுதான் உறுத்தியது.

இன்று திங்கள். மைனஸ் ஒன்று.
சீட்டின் உறைபனியை முழங்கையால் துடைத்துவிட்டு
ஸ்டார்ட்டர் பொத்தானில் கட்டைவிரல் வைத்து நிற்கிறேன்.
மாடி ஜன்னலில் ஜெர்னெயா, காப்பிக் கோப்பையோடு.
இன்னும் அழுத்தவில்லை.