நடு ஆள்

ஏப்ரல் வந்தால் எனக்கு இந்த வேலை.
சிப்காட் ஆலையின் சம்பளப் பிரிவில்
நானூற்று மூன்று பேரை
எக்செலில் ஏறுவரிசையில் நிறுத்துவேன்.
இருநூற்றிரண்டாவது ஆள்தான் நடு ஆள்.
இந்த வருஷம் தனவேலு,
கொதிகலன் பிரிவு, பச்சையாங்குப்பம்.
வருஷத்துக்கு நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

எம்.டி.யின் தொகையை அதால் வகுத்தேன்.
இருநூற்று எண்பத்தேழு.
ஆண்டறிக்கையின் அறுபத்தோராம் பக்கத்தில்
அடிக்குறிப்பைவிடக் கொஞ்சமே பெரிய எழுத்தில்
அது அச்சாகும்.
ஒப்பந்த ஆட்கள் இந்த வரிசையில் கிடையாது.
அவர்களையும் நிறுத்தினால்
தனவேலு பெரிய மனுஷராகிவிடுவார்.

நியாயமும் பேச வேண்டும்.
புயல் கரையேறிய ராத்திரி
மூன்றாம் ரியாக்டரில் சூடு ஏறிக்கொண்டே போனது.
தணிப்புத் தொட்டியில் இறக்கினால்
பதினாறு கோடிச் சரக்கு பாழ்.
மேலாளர் போனைப் பிடித்த கை நடுங்கியது.
மும்பையிலிருந்து எம்.டி. கேட்டார்:
"உள்ள எத்தனை பேர்?"
"பதினொண்ணு சார்."
"இறக்குங்க. கையெழுத்து என்னுது."
அந்தப் பேச்சுக்கு
என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று
அன்றைக்கு நினைத்தேன்.
இன்றைக்கும்தான்.

வால்வைத் திருகியது அய்யனாரப்பன்,
இடுப்பளவுத் தண்ணீரில் நின்று.
ஒப்பந்த ஆள்.
அவன் பேசியதாக எந்தக் குறிப்பும் இல்லை.

புயல் வராத வருஷங்களிலும் தொகை ஏறியது.
லாபம் விழுந்த வருஷத்தில்
'தக்கவைத்துக்கொள்ள' என்று ஏறியது.
ஏற்றும் குழுவில் மூன்று பேர்,
மூவரும் வேறெங்கோ எம்.டி.யாய் இருந்தவர்கள்.

தேவனாம்பட்டினம் பக்கம் போனால்
பள்ளிக்கூடப் பாடம் ஒன்று ஞாபகம் வரும்.
கோட்டையை விலைக்கு வாங்கிய வெள்ளைக்காரன்
பீரங்கி வெடித்து
குண்டு விழுந்த இடம்வரை தனதென்றானாம்.
குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பேர்.
குண்டு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று
உள்ளே நெல் காயவைத்துக்கொண்டிருந்தவர்களை
யார் கேட்டிருப்பார்கள்?

கேண்டீனில் தனவேலுவிடம் சொன்னேன்:
"இந்த வருஷம் நடுவுல நீங்கதான்ணே."
டீயை ஆற்றுவதை நிறுத்தினார்.
"அப்ப எனக்குக் கீழ எரநூறு பேரா?"
"எரநூத்தியொண்ணு."
கொஞ்ச நேரம்
கண்ணாடித் தம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.
மேலே எவ்வளவு என்று கேட்பார்,
இருநூற்று எண்பத்தேழைச் சொல்லலாம் என்று
காத்திருந்தேன்.

"அந்தக் கீழ் வரிசையில நீயும் இருக்கியாம்மா?"

"நூத்தியெண்பத்தெட்டு."

என் டீக்கும்
அவரே காசு கொடுத்தார்.