கிரீடம் உடைந்த வேஃபர்

நவம்பர் பதினொன்றுக்கு
இன்னும் ஒன்பது நாள்.
வோம்ஜா பிஸ்கட் ஆலையில்
வேஃபருக்கொரு வெள்ளைக் கழுகு.
அடுப்பிலிருந்து வரும்போது
கிரீடம்தான் முதலில் நொறுங்குகிறது.

கிரீடமில்லாவிட்டால்
அது அந்தக் கால ஆட்சியின் கழுகாயிற்றே!
பதறுகிறார் விற்பனை மேலாளர் ஸ்வாவோமிர்.
குப்பையில் கொட்டவும் பயம்:
யாராவது படம் பிடித்துப் போட்டால்?

கொக்கோ கானாவிலிருந்து,
பாமாயில் சுமத்ராவிலிருந்து.
உறையில் மட்டும் சிவப்பு எழுத்தில்
'நம் மண்ணின் சுவை'.
போன வருஷம் இதே வேஃபர்
இதே எடை,
அரை ஸ்வோட்டி குறைவு.

உடைசலை
இரவு ஷிஃப்ட்டுக்குக் கிலோக் கணக்கில்
சல்லிசாகத் தள்ளிவிடுகிறார்கள்.
உக்ரைன்காரி லெஸ்யா இரண்டு கிலோ வாங்கினாள்.

குடியிருப்பு அட்டைக்கான வரிசையில்
விடியுமுன் நின்றுகொண்டு
இறக்கையிலிருந்து தின்னத் தொடங்குகிறாள்.
தித்திப்பு கொஞ்சம் தூக்கல்.
பல்லில் ஒட்டுகிறது.