குறி எண் நாற்பத்தொன்று

கோயம்புத்தூரிலிருந்து வந்த அட்டவணையில்
நாற்பது படங்கள். எதிரே காலிக் கட்டங்கள்.
படத்துக்கு ஒரு விளக்கம், எட்டுச் சொல்லுக்குள்.
கட்டபெட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில்
இலை வாட்டும் மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வட்டத்தின் உச்சியைப் பிளந்து நிற்கும் கோடு:
இயக்கும் பொத்தான்.
முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி:
எச்சரிக்கை. எதற்கென்று அது சொல்லாது.
குடைமேல் துளிகள்:
ஈரம் படாமல் வைக்கவும்.
எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன்.
ஜன்னல் இருந்த இடத்தில் மஞ்சு இருந்தது.
பெட்டி ஊறி, அட்டையில் அச்சிட்ட குடையே
நெளிந்து கிடந்தது.
ஒற்றைக்கால் கண்ணாடிக் கோப்பை:
உடையும் பொருள், கவனம்.
"சரக்குப் பெட்டின்னு நாலு பேரு
பிரிக்கப் பாத்தாங்க" என்றார்
மெக்கானிக் ஹாலன், சிரிக்காமல்.

விரித்த புத்தகம்: கையேட்டைப் படிக்கவும்.
கையேடு மேனேஜரின் இழுப்பறையில்.
சாவி, அவரோடு
குன்னூர் ஏலத்துக்குப் போயிருக்கிறது.

இருபத்தேழில்
இரண்டு உருளைகளுக்கு நடுவே ஒரு கை.
வளையல் இல்லை, நகம் இல்லை, கொழுந்துக் கறை இல்லை.
இங்கே யாருடைய கையும் அப்படி இல்லை.
'கை நசுங்கும் அபாயம்.' மூன்று சொல்.
மிச்சம் ஐந்தை வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

முப்பத்துமூன்று, வாசலில் ஒட்டியிருப்பது:
செருப்பின்மேல் சிவப்புக் குறுக்குக்கோடு.
உள்ளே, உலர்த்தியின் விசைப்பெட்டி மூடியில்
சாக்பீஸால் அதே செருப்பு,
கோடு இல்லாமல்.
மேலே மூன்று நெளிவுகள்.
அட்டவணையில் தேடினேன். எண் இல்லை.

வரைந்தவள் புத்னி.
ஜார்க்கண்டிலிருந்து ஆடியில் வந்தவள்.
அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பேச்சு தெரியாது.
வெளியே மஞ்சைக் காட்டினாள்,
புறங்கையால் மூடியைத் தொடுவதுபோல் நீட்டி
வெடுக்கென்று தோள்வரை உதறினாள்,
பிறகு தன் வெறுங்காலைக் காட்டினாள்.
எட்டுச் சொல் என்ன, ஒன்றுகூடச் செலவாகவில்லை.
"எர்த் கம்பி கேட்டு மூணு மாசம்" என்றார் ஹாலன்.

அட்டவணைக்கு அடியில் ஒரு வரிசை சேர்த்தேன்.
மவுஸால் வரைந்த செருப்பு படகுபோல் வந்தது.
எதிரே:
மஞ்சு இறங்கினால் வெறுங்காலோடு மூடியைத் தொடாதீர்கள்.
எர்த் கம்பி போடுங்கள்.
எண்ணிப் பார்த்தேன், சரியாக எட்டு.

சாயங்காலமே பதில் வந்தது:
'41, 33-க்கு முரண். நீக்கவும்.'

காலையில் போனபோது
ஈரத்தில் சாக்பீஸ் பாதி வழிந்திருந்தது.
என் அழியாத மார்க்கரை புத்னியிடம் நீட்டினேன்.
வாங்கி, மூடியைக் கழற்றி மோந்து பார்த்தாள்.
ரப்பர் செருப்பின்மேல் நின்று, மறுபடி வரைந்தாள்.
இந்தமுறை
வாரும் போட்டாள்.