அர்ச்சுனனுக்கு ஓர் உதவியாள்

வீடு கைமாறினால் வயர்களைச் சோதிக்க வேண்டுமென்று
சட்டம் கடிதமாக வந்தது.
லங்னாவுக்கு மேலே, சரிவில், மரவீடு.
நூற்றுப் பத்து வயது.
பாதி வயர்களுக்கு இன்னும் துணிச்சட்டை.

சோதிக்க வந்தவள் மிரியம் ஷ்டால்டர்.
காதில் பென்சில், முழங்காலில் சாணி,
எங்கள் பாதை அப்படி.
நிலவறைக்குள் இறங்கினாள். அரை மணி நேரம் சத்தமில்லை.
பிறகு ஒரு நீளச் சீழ்க்கை.
"உங்கள் வீட்டில் ஏர்த் என்பது
ஒரு நம்பிக்கை மட்டும்தான்."

நாப்ஃப் மலைக்குப் பின்னால்
ஆடி முழுக்க யாரோ மேகம் அவிக்கிறார்கள்.
நாலு மணிக்கு மூடி திறக்கும்.

மண்ணுக்குள் செப்புக்கோல் இறக்கினாள்.
தண்ணீர்க் குழாயை அதனோடு பிணைத்தாள்.
பிறகு ஃபியூஸ் பெட்டிக்குள் ஒரு சின்னச் சாமான்,
தீப்பெட்டி அளவு,
நெற்றியில் பச்சை ஜன்னல்.
"மின்னல் கம்பி வழியே வந்தால்
இது தன் மேல் வாங்கி மண்ணுக்குள் தள்ளிவிடும்.
ஜன்னல் சிவந்தால் செத்துவிட்டது என்று அர்த்தம்.
என்னைக் கூப்பிடுங்கள்."

முழக்கம் ஒன்று உருண்டது.
என் வாய் தன்பாட்டில்: அர்ச்சுனா, அர்ச்சுனா...
"யார் அது?" என்றாள்.
இடிக்குச் சொல்லும் பேர்,
பத்துத் தரம் சொன்னால் நம் பக்கம் வராது என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
பென்சிலைக் கடித்து யோசித்தாள்.
"அது வீட்டுக்கு வெளியே வேலை செய்கிற வகை.
இது உள்ளே. இரண்டும் இருக்கட்டும்.
நேரம் கிடைத்தால் பிளக்கையும் கழற்றுங்கள்."

அறுநூற்று நாற்பது பிராங்க்.
பரஞ்சோதி பில்லை இரண்டு பக்கமும் வாசித்தார்.
பின்பக்கத்தில் ஒன்றுமே இல்லை.
"இடி விழுவான், இடி விழுவான் என்று
எத்தனை பேரைத் திட்டியிருப்போம்,
ஒருத்தன் தலையிலாவது விழுந்ததா?"

அதன்பின் வானம் கறுத்தால் எனக்கு ஒரு சுற்று.
டிவி, துணி மெஷின், ரூட்டர்.
"அம்மா, இன்னும் ரெண்டு நிமிசம்" என்று
அறைக்குள்ளிருந்து பிரீதனா.
பிரிட்ஜில் மட்டும் கை வைப்பதில்லை.
உள்ளே மீன்.

ஆவணி பிறந்து மூன்றாம் இரவு
டிவியைக் கழற்றிவிட்டு ரூட்டருக்குப் போகும் வழியில்
எல்லாம் வெள்ளை.
சத்தம் பிறகு வரவில்லை, கூடவே வந்தது.
அர்ச்சுனன் இரண்டாம் தரத்திலேயே நின்றுவிட்டான்.

விளக்கு இமைத்தது.
திரும்ப எரிந்தது.
பிரிட்ஜ் ஒருமுறை கனைத்துவிட்டு
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

டோர்ச்சோடு நிலவறைக்கு இறங்கினோம்.
தீப்பெட்டி அளவு. நெற்றியில் சிவப்பு.
பரஞ்சோதி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

பதினொரு மணிக்குத் தோட்டத்தில் மணியோசை.
பக்கத்து வீட்டு லூத்தியின் மாடுகள்,
ஏழு. என் லீக்ஸ் பாத்தியில்.
அவர் வேலிக்குக் கரண்ட் கொடுக்கும் யந்திரம் கருகியிருந்தது.
வேலி செத்தது மாட்டுக்கு எப்படித் தெரியுமோ.
சரிவு முழுக்க இருட்டு, எங்கள் வாசல் விளக்கு மட்டும் விழித்திருந்தது.
அதன் கீழே ஒன்று நின்று
வீடு பார்க்க வந்தது போல
மேலும் கீழும் பார்த்தது.

லூத்தி கயிற்றோடு வந்தார், காதிலிருந்து மழை வடிய.
அவர் வீட்டில் பெட்டியும் போயிற்று, டிவியும் போயிற்று,
பால் குளிர்விக்கும் தொட்டி வாய் திறக்கவில்லை.
"உங்களுக்குக் கரண்ட் இருக்கிறதா?"
கேட்ட குரல் ஆச்சரியமா குற்றச்சாட்டா, தெரியவில்லை.

உட்கார வைத்தோம். அவர் போன் எங்கள் சுவரில் சார்ஜ் ஏறியது.
தேத்தண்ணியில் மூன்று கரண்டி சீனி போட்டுக்கொண்டார்.
"யார் செய்து தந்தது?"

பரஞ்சோதி அலுமாரியைத் திறந்து
பில்லை எடுத்து நீட்டினார்.
லூத்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
நிதானமாக வாசித்தார்.
திருப்பி, பின்பக்கத்தையும் வாசித்தார்.

வெளியே, இன்னொரு லீக்ஸ் வேரோடு வரும் சத்தம்.