ஆறாம் இடம்

கடைசி லோரிக்கும் அதற்கு முந்தைய லோரிக்கும் நடுவே
நாற்பது நிமிடம் கிடைக்கும். மழையென்றால் ஐம்பது.
பெட்டியைத் திறப்பேன்.
ஊதா வெல்வெட்டில் படுத்திருக்கும் டிராம்போனில்
இன்னும் லேசாய் ஊதுபத்தி வாசம்.

லியோங்கின் சாவு பேண்டில் இருபது வருடம் உழைத்தது.
பீடோரில் இப்போது செத்தவர்களுக்கு
ஸ்பீக்கர் போதுமாம்.
நூற்றெண்பது வெள்ளி கேட்டான்.
வாசிக்கத் தெரியுமா என்றான்.
தெரியாது என்றேன்.
நூற்றறுபதாய்க் குறைத்தான்.

எனக்கு ஐம்பத்தொரு வயது.
செம்பனை ஆலையின் எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்து
பழக்குலையோடு வரும் எடை, வெறுமையாய்ப் போகும் எடை
இரண்டையும் எழுதிக் கழிக்கிறவள்.
பதினெட்டு வருடத்தில் ஒரு கணக்கும் பிசகியதில்லை.
ஊதினால்தான் பிசகும்.

இந்த வாத்தியத்துக்குக் கட்டை கிடையாது, துளை கிடையாது.
குழாயை இழுக்கிற தூரம்தான் ஸ்வரம்.
மொத்தம் ஏழு இடங்கள்.
என் கை ஐந்தோடு நின்றுவிடும்.
தோளைச் சரித்து, ஒருக்களித்து, நாற்காலியில் ஒரு காலை ஊன்றி
எல்லாம் செய்து பார்த்தாயிற்று,
ஆறு இன்னும் இரண்டு விரற்கடை தள்ளியே இருக்கிறது.
ஆகவே நான் வாசிக்கும் எந்தப் பாட்டிலும்
அந்த ஸ்வரம் வரவேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை.
முதலில் அங்கே "ம்ம்" என்று முனகி அடைத்தேன்.
பிறகு விட்டுவிட்டேன், காற்று போய்வரட்டும் என்று.

மகன் ஜொகூரிலிருந்து பாட வீடியோ அனுப்பினான்.
முப்பது நாள் விடாமல் செய்யுங்கள் அம்மா,
நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.
செய்தேன்.
ஆச்சரியப்பட்டது ஆலை நாய் மட்டும்.
அதுவும் இப்போது பழகி
என் காலடியிலேயே தூங்குகிறது.

கோயில் திருவிழாவில் ஒரே ஒரு பாட்டு வாசிக்கட்டுமா என்றேன்.
செயலாளர் நாகப்பன் ஒருநாள் வந்து கேட்டுவிட்டு
வேட்டியைச் சரிசெய்தபடி,
"அன்னதானத்துல ஆள் குறையுதும்மா" என்றார்.
போய்ச் சாம்பார் ஊற்றினேன்.
கோபமில்லை. அவருக்கு நல்ல காது.

ஆனால் இரண்டாம் இடத்தில் எனக்கொரு ஸ்வரம் உண்டு.
மாதத்தில் மூன்று தரம், நாலு தரம்
முழுசாய் வரும்.
கண்ணாடிச் சன்னல் அதிரும்,
மைலோ டப்பாவுக்குள் பேனாக்கள் ரீங்கரிக்கும்,
மண்டைக்குள் ஒரு பெரிய கூடம் திறந்தாற்போல் இருக்கும்.
நான் வரவழைத்தேன் என்று சொல்லமாட்டேன்.
அது வந்தபோது
உதட்டைக் குவித்துக்கொண்டு நான் அங்கே இருந்தேன்.

ஒரு சாயங்காலம், யாருமில்லை,
மேடைமேல் ஏறி நின்றேன். வெளித்திரையில் அறுபது.
டிராம்போனோடு ஏறினேன். எழுபது!
ஒன்றரைக் கிலோப் பித்தளைக்குப் பத்துக் கிலோ.
இயந்திரம் பத்துப் பத்தாய்த்தான் எண்ணும்,
அது எனக்குத் தெரியாதா?
இருந்தாலும் எழுபது என்று
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நேற்று நல்ல மழை.
அஸ்மானின் லோரி வந்தது தெரியாமல்
பாதிப் பாட்டில் இருந்தேன்.
பொறுத்துப் பார்த்து அவன் ஹாரன் அடித்தான்.
சரியாக ஓட்டையில் விழுந்தது.
ஆறாம் இடம்! கொஞ்சம் தணிவு,
என் மற்ற ஸ்வரங்களைப் பார்க்கச் சுத்தம்.

மழையில் தலையை நீட்டி இன்னொரு தரம் அடி என்றேன்.
என்ன தப்பு செய்தோம் என்று பயந்துபோய் அடித்தான்.
விஷயம் சொன்னேன். சிரித்தான்.
என்ன பாட்டு அக்கா இது, என்றான்.
சொன்னால் நம்பமாட்டாய் என்று
முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஒரு தரம் அவன் முந்திவிட்டான்.
ஒரு தரம் நான் சிரித்துக் கெடுத்தேன்.
பழக்குலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது,
நனைந்த எடைக்கு நாளை யாராவது விளக்கம் கேட்பார்கள்.
மூன்றாம் தரம் கிட்டத்தட்ட வந்துவிட்டது.
அதற்குள் பின்னால் வந்த மேனேஜரின் ஜீப்
நீளமாய் ஒன்று அடித்தது.
அந்த ஸ்வரம் எங்கள் பாட்டில் இல்லை.