பரிந்துரைப்பவர்: இரண்டாம் நபர்

மனித உரிமைச் சட்ட மேற்படிப்பு,
உதவித்தொகைப் படிவம், பக்கம் ஆறு.
முதல் பரிந்துரை பேராசிரியருடையது,
அது போய்விட்டது.
இது என்னுடையது.

பெயர்: லெவிசன் ஞிரெண்டா, ம்சுசு நகரம், மலாவி.
பதவி என்ற கட்டத்தில்
மிதிவண்டி டாக்சி என்று அடிக்கச் சொன்னேன்.
கணினிக் கடைப் பையன் தயங்கினான்.
அடி, என்றேன்,
பக்கத்துக்கு இருநூறு குவாச்சா வாங்குகிறாய்,
உண்மைக்குத் தனி விலையா?

விண்ணப்பதாரரை எவ்வளவு காலமாகத் தெரியும்?
நான்கு மழைக்காலம்.
இரண்டு உள்ளே இருந்து,
இரண்டு வெளியே இருந்து.

எந்த வகையில் தெரியும்?
நான் விசாரணைக் கைதி.
கைதி வந்துவிட்டான், விசாரணை வரவில்லை,
ஆறு வருடம்.
மாவு மில் மோட்டாரைத் தூக்கியதாக வழக்கு.
அந்த மோட்டார் என்னைவிட எடை அதிகம்
என்று சொல்லக்கூட என்னைக் கூப்பிடவில்லை.

இரவில் அறுபது பேர் ஒருக்களித்துக் கிடப்போம்,
கரண்டிக்குள் கரண்டி செருகியதுபோல.
நடுச்சாமத்தில் ஒருவன் கை தட்டுவான்,
அறுபது பேரும் ஒன்றாகப் புரள்வோம்.
இதை ஏன் சொல்கிறேன் என்றால்
ஒரு வியாழக்கிழமை டோவேரா ஹாரா வந்து
கை தட்டுகிறவனின் பெயரைக் கேட்டார்.
வழக்கு எண் கேட்டவர்கள் உண்டு.
ஹேஸ்டிங்ஸ், என்றான், கூச்சத்தோடு.
தேடிப் பார்த்தால்
அவனுடைய தண்டனை முடிந்து எட்டு மாதம்.
அன்றிரவு எங்களைப் புரட்ட ஆளில்லை.

ஆய்வுத் திறன்?
என் கோப்பு தொலைந்தது என்றது நீதிமன்றம்.
பதிவறையில் மூன்று நாள் தூசி தின்று இருமினார்.
நான்காம் நாள் பேனா கீழே விழுந்தது.
குனிந்தவர் கண்டது:
குமாஸ்தாவின் மேசைக்கால் ஒன்றின் அடியில்
நாலாக மடித்த நான்.
மேசை ஆடாமலிருக்க
என்னை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.
உருவியபோது தேநீர் கொட்டியதாகக் கேள்வி.
இன்றைக்கும் அந்த மேசை ஆடுகிறதாம்.
ஆடட்டும்.

நீங்கள் அறிந்தவர்களுள் இவரை எங்கே வைப்பீர்கள்?
முதல் ஒரு சதவீதம், ஐந்து, பத்து.
எண்ணிப் பார்த்தேன்.
ஆறு வருடத்தில் சட்டம் படித்தவர்கள்
பதினொரு பேர் வந்தார்கள்.
பத்துப் பேர் மறுபடி வரவில்லை.
பதினொன்றில் ஒன்று, ஒன்பது சொச்சம் என்றான் பையன்.
பத்தில் குறி போடு என்றேன்.
ஒன்றில் போட்டால்தான் கிடைக்கும் அண்ணே, என்றான்.
வராத எண்பத்தொன்பது பேரை
நான் எங்கே போய்த் தேடுவேன், தம்பி?

குறைகள்?
பின்னிருக்கையில் உட்காரத் தெரியாது.
வளைவில் நான் இடப்பக்கம் சாய்ந்தால்
அவர் வலப்பக்கம் சாய்வார்.
இரண்டு பேரும் ஒரே பக்கம் சாயலாமா என்பார்.
இரண்டு முறை விழுந்திருக்கிறோம்,
இரண்டாம் முறை தக்காளிக் கூடைமேல்.
நெதர்லாந்தில் மனிதரைவிட மிதிவண்டி அதிகமாமே,
யாராவது சொல்லிக் கொடுங்கள்.

உதவித்தொகை கிடைக்காவிட்டால் என்ன செய்வார்?
வியாழக்கிழமை வருவார்.

கடைசிக் கேள்வி.
படிப்பு முடிந்ததும் இவர் தாய்நாடு திரும்புவார் என
உறுதியளிக்கிறீர்களா? ஆம், இல்லை.

ஐயா, அம்மா,
வெளிப்பக்கம் திறக்கும் கதவுக்காக
ஆறு வருடம் நின்றவன் நான்.
போகிறவர் திரும்பி வந்தே தீருவார் என்று
ஜாமீன்தாரர்தான் கையெழுத்துப் போடுவார்.
எனக்கு அப்படி யாரும் வரவில்லை.
நானும் யாரையும்
அந்தத் தாளில் கட்டிவைப்பதாக இல்லை.
அவர் வரவேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது.
அதற்குக் கட்டம் இல்லை.

காலியாக விட்டால் படிவம் போகாது என்கிறது கணினி,
சிவப்பு எழுத்தில்.
பையன் என்னைப் பார்க்கிறான்.
வெளியே யாரோ சவாரிக்கு
என் மிதிவண்டி மணியை
விடாமல் அடிக்கிறார்கள்.