இடது முன்னங்கால்

சொர்சால் அன்று நொண்டவில்லை.
துராஸ்னோவுக்கு வெளியே, ஐம்பதாவது கிலோமீட்டரில்,
வாளி வாளியாய்த் தண்ணீர் வாங்கி
முதுகில் ஆவி பறக்க நின்ற குதிரைகளுக்கு நடுவே
அவனை முப்பது மீட்டர் ஓட்டிக் காட்டச் சொன்னேன்.
நான்கு குளம்பும் தாளம் தப்பவில்லை.
நாடி அறுபத்திரண்டு.
குனிந்து கணுக்காலைத் தொட்டேன்.
குளிர்ச்சி.
போகலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்:
நெல்டா பெத்தான்கோர், கால்நடை மருத்துவர்.

அந்தக் குளிர்ச்சி நான் கொடுத்தது.
மூன்று வாரம் முன்னால் அதே கணுக்கால்
அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டிபோல் சுட்டபோது
பத்துப் பொட்டலம் வெள்ளைத் தூள் தந்தேன்.
ஐந்து நாள், காலையும் மாலையும். பிறகு ஓய்வு.
வெல்லப்பாகில் குழைத்தால் கசப்பு தெரியாது
என்றும் நானேதான் சொன்னேன்.
வாஷிங்டன் எச்செகாராய் எல்லாம் கேட்டுக்கொண்டார்,
ஓய்வு என்ற சொல்லைத் தவிர.
அந்தத் தூள் கடையிலும் கிடைக்கும்.
சிறுநீர்ச் சோதனைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள்;
அவன் எண் வரவில்லை.

வீக்கம் வடிந்தது, வலி வடிந்தது,
எலும்புக்குள் ஓடிய மயிரிழை மட்டும்
இருந்த இடத்தில் இருந்தது.
இருட்டில் வேலைக்கு வரும் கொத்தனார்களுக்கு
அந்தச் சூடுதான் விளக்கு.
விளக்கை ஊதி அணைத்துவிட்டு
சுவர் ஏன் எழும்பவில்லை என்று கேட்கிறோம்.

எழுபத்தெட்டில், பாலத்துச் சரிவில்,
யமாண்டு தானாகவே இறங்கிவிட்டான்.
"சத்தம் எதுவும் கேட்கவில்லை டாக்டர்,
அவன் காது மட்டும் பின்னால் போனது."
படத்தில் ஒரு விரல் நீளக் கோடு.
முழுதாகப் பிளக்கவில்லை.
பையனுக்குப் பதினேழு வயது. சேணத்தைக் கட்டிப்பிடித்தபடி
வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தான்.

இனி நான்கு மாதம் கொட்டகை.
மூன்றாம் இரவு எச்செகாராய் கதவைத் தட்டினார்.
வாயில் மாத்தே குழல்; உறிஞ்ச மறந்திருந்தார்.
"துடிக்கிறான். ஏதாவது கொடுங்கள்."
கொடுத்தால் காலை ஊன்றுவான்,
ஊன்றினால் திரும்புவான், திரும்பினால் உதைப்பான்.
கயிறில்லாமல் அவனைக் கட்டிப்போட்டிருப்பது
அந்த வலி ஒன்றுதான்.
இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன்.
சொர்சால் தலையை என் தோள்மேல் வைத்தான், முழுப் பாரமும்.

பாதி கொடுத்தேன்.
அதற்கு மேல் கொடுக்கப் பயம்.
அதற்குக் கீழே போக அவன் கண் விடவில்லை.
சரியான அளவா என்று எந்தப் புத்தகத்திலும் தேடவில்லை.

ஜூலைப் பனியில் இப்போது வேலியோரம் மேய்கிறான்,
நடையில் ஒரு சிறு தயக்கத்தோடு.
பந்தயச் சாவடியில் இன்னமும் நான்தான் நிற்கிறேன்.
கணுக்கால் சுட்டால் குதிரையை நிறுத்துகிறேன்.
குளிர்ந்திருந்தால்
கையை உதறிக்கொண்டு
இன்னொரு முறை தொடுகிறேன்.